டிரைவர் பக்கத்து சீட்

போளூர் ரோட்டில், நசீர் அகமது பாயின் பட்டறையில் இரண்டு கேரவன் வண்டிகள் விற்பனைக்கு நின்றன. ஒன்று சின்னது, ஒன்று பெரியது. சின்னதுதான் வேண்டும் என்று பட்டறைக்குள் கால் வைப்பதற்கு முன்பே நான் முடிவு செய்திருந்தேன். பாய்தான் விடவில்லை. பெரிய வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"உள்ள ஏறித்தான் பாருங்களேன் தருமண்ணே. பாத்தா இன்னா, கண்ணு தேஞ்சா போயிடும்?"

"வேணாம் பாய். முப்பத்தோரு வருசம் கவர்மெண்ட் பஸ் ஓட்டியாச்சு. முதுகுக்குப் பின்னாடி அறுவது பேரு, எழுவது பேரு. போதும். இனிமே பக்கத்துல ஒரே ஒரு ஆளு உக்காந்துனு வந்தா போதும் எனக்கு."

அந்த ஒரே ஆள் என் மனைவி ரேணுகாம்பாள். அவள் அப்போது பட்டறை வாசலில், ஆட்டோவுக்குள், தென்றலோடு உட்கார்ந்திருந்தாள். தென்றல் என்றதும் சின்னப் பெண் என்று நினைக்க வேண்டாம். நாற்பத்தாறு வயது, அடி அண்ணாமலைக்காரி. காலையில் வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு வந்து ரேணுவைக் குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, சாயங்காலம் திரும்பிப் போகிறவள். அப்படி ஒருத்தி தேவைப்படுகிற அளவுக்கு ரேணுவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது.

ரேணு சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். தண்டராம்பட்டு ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம். நூற்று நாற்பது பிள்ளைகளின் பெயரும் அப்பா பெயரும் தெரியும். எந்தப் பிள்ளை முட்டை சாப்பிடாது, எந்தப் பிள்ளை முட்டையைத் தங்கச்சிக்கு எடுத்துப் போகும் என்பது வரை மனப்பாடம். அவள் ஒருநாள் அடுப்படியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "நீங்க யாரு, இன்னா வேணும்?" என்று கேட்டாள். நான் விளையாடுகிறாள் என்று நினைத்துத் திட்டினேன். எனக்குத் திட்டத்தான் முதலில் வரும்.

வேலூரில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளை சுருங்கி வருகிறது, இது திரும்பி வராது என்றார். இன்னும் எத்தனை நாளைக்கு என்னை அடையாளம் தெரியும் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார். அந்த மனிதரை அறைய வேண்டும் போலிருந்தது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

கேரவன் யோசனை பெங்களூரில் இருக்கிற என் மகன் சரவணகுமாருடையது. ரிட்டயர் ஆனதும் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ரேணுவுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். வேலையில் இருந்த காலத்தில் அவளை எங்கேயும் அழைத்துப் போனதில்லை. லீவு நாளில் ஹாரன் சத்தம் கேட்டாலே எரிந்து விழுவேன், இதில் எங்கே பயணம் போவது? ரிட்டயர் ஆன பிறகு ராமேஸ்வரம் போய் லாட்ஜில் தங்கினோம். விடிந்ததும் அந்த அறையைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் போலீசைக் கூப்பிடக் கிளம்பிவிட்டார்கள். "புது எடம்னாதானேப்பா அம்மாவுக்குப் பயம்? வூட்டையே கூட எடுத்துனு போயிடுங்க" என்றான் மகன். எந்த ஊருக்குப் போனாலும் அதே கட்டில், அதே தம்ளர், அதே கதவு. எனக்கு அது நியாயமாகப் பட்டது. எங்கள் தெருவில் மட்டும், "சினிமாவுல நடிக்கப் போறீங்களா?" என்று ஒருத்தர் விடாமல் கேட்டார்கள்.

சின்ன வண்டி ஒரு வேனை மாற்றிக் கட்டியது. முன்னால் இரண்டே சீட்டு, எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. பின்னால் இரண்டு பேர் படுக்கிற ஒரே கட்டில், ஒற்றை அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. அவ்வளவுதான். பெரியது மினி பஸ். டிரைவருக்குப் பின்னால் நாலு சீட்டு, அப்புறம் சமையல், கக்கூஸ், கடைசியில் தடுப்புப் போட்டு இரண்டு படுக்கை. டிரைவர் தலைக்கு மேலே, அவன் தனியாக ஏறிப் படுக்க ஒரு பலகை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை, பெரியது பழசு.

"தென்றலும் கூட வரணும்னா பெருசுதான் தோது" என்றார் பாய்.

"என் பொண்டாட்டிய நான் பாத்துக்க மாட்டனா?" என்று எரிந்து விழுந்தேன்.

உண்மை என்னவென்றால், எனக்கு அந்த ஒற்றைக் கட்டில் வேண்டும். வாரத்தில் மூன்று நாலு காலை அவளுக்கு என்னைத் தெரிந்தது. கண் திறந்ததும் "ஏங்க" என்பாள். உச்சிவெயில் ஏறினால் அந்த "ஏங்க" போய்விடும், நான் யாரோ ஆகிவிடுவேன். மிச்சமிருக்கிற அந்தக் காலைகளில் ஒன்றைக்கூட நான் தவறவிடத் தயாராக இல்லை. கண் திறக்கும்போது நான் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். இந்த ஆசையைப் போய்ப் பட்டறையில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது?

பாய் நல்ல மனிதர். "ரெண்டையும் ஒவ்வொரு நாள் எடுத்துனு போய் ஓட்டிப் பாருங்க. எது ஒத்து வருதோ அதை எடுத்துக்கலாம்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

சின்ன வண்டியில் ஒரு புதன்கிழமை காலை சாத்தனூர் அணைக்குக் கிளம்பினோம். நானும் அவளும் மட்டும். அன்றைக்கு அவளுக்கு நல்ல நாள். விடிந்ததிலிருந்து "ஏங்க", "ஏங்க" என்று வீடே கலகலப்பாக இருந்தது. முன் சீட்டில் அவளை உட்கார வைத்து பெல்ட் மாட்டினேன்.

"இன்னாங்க இது, கொழந்தைய தொட்டில்ல கட்ற மாதிரி கட்றீங்க?"

"புது வண்டிம்மா. ஓடிடப் போற."

"இந்த வயசுல எங்க ஓடறது?" என்று சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும், "ஹாரன் அடிக்காம ஓட்டவே வராதா உங்களுக்கு? ஆடு அதுபாட்டுக்கு ஓரமாப் போவுது" என்று கிண்டல் செய்தாள். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். முப்பத்துநாலு வருஷக் குடித்தனத்தில் நான் ஓட்டுகிற வண்டியில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவது அதுதான் முதல் தடவை.

தண்டராம்பட்டு தாண்டியதும் பேச்சு நின்றது. முதலில் நான் கவனிக்கவில்லை. அவள் தினமும் பஸ்ஸில் போய் வந்த ரோடு அது. வேலையில் இருந்தபோது இறங்குகிற நிறுத்தம் வந்தது, போனது. ஓரக்கண்ணால் பார்த்தேன். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, உடம்பைக் கதவோடு ஒட்டி வைத்திருந்தாள்.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள்.

"இன்னா ரேணு, ஒன்னுக்குப் போணுமா?"

"நிறுத்துங்க. நான் எப்பிடி முன்னாடி வந்து உக்காந்தேன்? டிரைவர் பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லியிருக்காரு. யாராவது பாத்து அவராண்ட சொன்னாங்கன்னா என்னைக் கொன்னே போட்ருவாரு."

"நான்தாம்மா உன் வூட்டுக்காரன்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அறியாத ஒரு ஆம்பிளை, ஆளில்லாத ரோட்டில், நான்தான் உன் புருஷன் என்று சொன்னால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்? அவள் கதவைத் திறக்கப் பார்த்தாள். பிரேக்கை மிதித்தேன். எப்படியோ பெல்ட்டைப் பிரித்துக்கொண்டு இறங்கி நடக்க ஆரம்பித்தாள். ஓடிப் போய், "சரி, முன்னாடி வேணாம், பின்னாடி உக்காந்துக்க" என்று பின்பக்கக் கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே கட்டில் விரித்திருந்தது. அவள் அந்தக் கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குனிந்து ரோட்டோரத்திலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்துக்கொண்டாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அவள் கல்லைப் பிடித்தபடியே பின்னால் பின்னால் நடந்தாள். அந்த நேரத்தில் சாத்தனூர்ப் பக்கமிருந்து ஒரு டவுன் பஸ் வந்தது. ரேணு கல்லைக் கீழே போட்டாள், புடவையைச் சரி செய்தாள், கையைக் காட்டினாள். பஸ் நின்றது. எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் முன் படியில் ஏறினாள். நான் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பின் படியில் தொற்றினேன்.

கண்டக்டர் இருசப்பன். என்னோடு வேலை செய்தவன்தான், ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. ரேணுவைப் பார்த்ததும், "வாங்க டீச்சரம்மா, எவ்ளோ நாளாச்சு" என்று பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். அவள் அதை இரண்டாக மடித்து வளையலுக்குள் செருகிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கத் தொடங்கினாள். இப்போதுதான் கல்லைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவளின் முகமா அது? அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இருசப்பன் பின்னால் வந்தான். "இன்னாடா தருமா, அவங்க அங்க, நீ இங்க? புருசன் பொண்டாட்டி சண்டையா?"

"என்னைத் தெர்ல அவளுக்கு."

அவன் என் தோளில் கையை வைத்துக்கொண்டு திருவண்ணாமலை வரைக்கும் நின்றான். டிக்கெட் கேட்டவர்களிடம் ஒரு கையாலேயே கொடுத்தான்.

அந்தக் கட்டளை நான் போட்டதுதான். கல்யாணமான மூன்றாம் வருஷம். கூட்டமான பஸ்களில் பெண்கள் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பானட் மேல் உட்கார்ந்து வருவது அப்போதெல்லாம் வழக்கம். அப்படி உட்காருகிறவர்களிடம் டிரைவர்கள் என்னென்ன பேசுவார்கள், கண்ணாடியை எப்படித் திருப்பி வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் செய்திருக்கிறேன், அதனால் தெரியும். ஒருநாள் டிப்போ வாசலில் நிற்கும்போது ஒரு பஸ் கடந்து போனது. பானட் மேல் ரேணு உட்கார்ந்திருந்தாள். டிரைவர் என்னவோ சொன்னான், அவள் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்குப் போய் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. இனி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தால் காலை ஒடிப்பேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் உட்காரவே இல்லை. சரவணகுமார் ஏழு மாசம் வயிற்றில் இருந்தபோது, பானட்டில் இடம் இருந்தும், கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்டராம்பட்டிலிருந்து நின்றே வந்தாள் என்று அவளோடு வேலை செய்த ஆயா சொன்னாள். அதைக் கேட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமைப்பட்டேன். என் பொண்டாட்டி சொன்ன சொல் மீறமாட்டாள் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டேன்.

பிள்ளை பேரை மறந்துவிட்டாள், பெற்ற தாய் செத்துப்போனதை மறந்துவிட்டாள். நான் போட்ட கட்டளை மட்டும் அவளிடம் பத்திரமாக இருக்கிறது.

ரோட்டில் நின்ற வண்டியை பாயின் ஆட்கள் போய் எடுத்து வந்தார்கள். நடந்ததை பாயிடம் மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார், திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"பின்னாடி ஒரு சீட்டு வச்சுத் தரட்டுமா? செய்யலாம். ஆனா கட்டிலை எடுக்கணும்ணே. கட்டில் போனா அப்புறம் எதுக்கு கேரவன்?"

நான் சின்ன வண்டிக்குள் இருந்த அந்தக் கட்டிலை எட்டிப் பார்த்தேன்.

"நாளைக்குப் பெருசை எடுத்துனு போங்க. எனக்காக" என்றார்.

மறுநாள் படவேடு என்று முடிவாயிற்று. ரேணுகாம்பாள் கோயில், அவளுக்குப் பெயர் வைத்த சாமி. இந்தத் தடவை தென்றலும் வந்தாள். கிளம்பும்போது அவள்தான் ஆரம்பித்தாள். "அண்ணா, கோவிச்சிக்காதீங்க. உங்க பழைய காக்கிச் சட்டை இருக்குதுல்ல, அதைப் போட்டுக்கினு ஓட்டுங்களேன்."

"நாடகம் போடச் சொல்றியா என்னை?"

"அக்கா பயப்படாம வந்தா செரி. உங்களுக்கு எது முக்கியம்?"

கோபம் உச்சிக்கு ஏறியது. பீரோவைத் திறந்து, கதவு ஆடுகிற மாதிரி இழுத்து, காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வயிற்றில் பொத்தான் சேரவில்லை.

ரேணு வாசலில் நின்ற பெரிய வண்டியைப் பார்த்தாள். பார்த்ததும் நடையில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. கம்பியைப் பிடித்து ஏறி, எனக்கு நேர் பின்னால் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தாள். என் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"டிரைவர் அண்ணே, படவேடு போவும்ங்களா?"

முப்பத்துநாலு வருஷமாக அவள் என் பெயரைச் சொன்னதில்லை, "ஏங்க" என்றுதான் கூப்பிட்டாள். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில்கூட சுவரைப் பார்த்து "ஏங்க, சோறு ஆறுது" என்பாள். தாலி கட்டியவனை அண்ணன் என்று கூப்பிட்டால் அப்புறம் என்ன மிச்சம் இருக்கிறது? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "போவும்மா, உக்காருங்க" என்றேன்.

அந்தப் பயணத்தில் அவள் ஒருமுறைகூடப் பயப்படவில்லை. கலசபாக்கத்தில் கரும்பு வண்டியைப் பார்த்துச் சிரித்தாள். தென்றலிடம் கதை கதையாகப் பேசினாள். "எங்க வூட்டுக்காரரும் டிரைவர்தான்" என்று தொடங்கி, என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள். கோபக்காரர், ஆனால் சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார், காய்ச்சல் என்றால் சின்னப் பிள்ளை மாதிரி அழுவார். போளூர் வருவதற்குள் காக்கிக் கையால் இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டார் ஐயர். ரேணு வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "நீ சொல்லேன்" என்று தென்றலை இடித்தாள். புருஷன் பேரைச் சொல்லக் கூச்சம். தென்றல் "தருமன்" என்றாள். "நட்சத்திரம்?" என்றார் ஐயர். தென்றலுக்குத் தெரியாது. ரேணு உடனே, "கேட்டை. விருச்சிக ராசி" என்றாள். இரண்டடி பின்னால், செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கேட்டை நட்சத்திரக்காரன் நின்றுகொண்டிருந்தேன். குங்குமம் வாங்கித் திரும்பியவள் என்னைப் பார்த்து, "டிரைவர் அண்ணனுக்கும் குடு தென்றலு, வெயில்ல ஓட்டினு வந்திருக்காரு" என்றாள்.

மத்தியானம் வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டார்கள். அவள் பின்னால் படுக்கையில் இரண்டு மணி நேரம் தூங்கினாள். வீட்டில் மாதக்கணக்காக அப்படித் தூங்கியதில்லை. நான் மேலே ஏறி அந்த டிரைவர் பலகையில் படுத்துப் பார்த்தேன். படுக்கலாம். காலை மடக்கினால் சரியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பாய்க்கு பதில் சொல்ல வேண்டிய காலை, நான் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் குரல் கேட்டது.

"ஏங்க, சக்கரை ஜாஸ்தி போடாதீங்க. உங்களுக்குத்தான் ஆவாதுல்ல."

திரும்பினேன். என் ரேணு நின்றாள். எத்தனையோ காலைகளில் அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது, ஆனால் அன்றைக்குப் போல் தெளிவாக ரொம்ப நாளாக இல்லை. நாற்காலியில் உட்கார வைத்து, காபியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். நாம் கேரவன் வாங்கப் போகிறோம், ஊரெல்லாம் போகப் போகிறோம் என்றேன். இரண்டு வண்டியையும் விளக்கினேன். எல்லாம் புரிந்தது அவளுக்கு. மெய்யாகவே யோசித்தாள்.

"உனக்கு எது வேணும் ரேணு? சின்னதா, பெருசா?"

"சின்னது போதுங்க. ரெண்டு பேருக்கு எதுக்கு அம்மாம் பெருசு? சின்னதுன்னா உங்க பக்கத்துல உக்காந்துனு வரலாம்." கொஞ்சம் நிறுத்தி, வெட்கப்பட்டுக்கொண்டு, "நீங்க ஓட்டற வண்டின்னா முன்னாடி உக்காரலாம் இல்ல? திட்ட மாட்டீங்களே?" என்றாள்.

"உக்காரலாம்மா. உக்காரலாம். என் பக்கத்துலதான் நீ உக்காரணும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப செரி. பக்கத்துல உக்காந்துனு போலாம்" என்றாள்.

பத்து மணிக்கெல்லாம் என் கையிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். யாரோ வீட்டு விருந்தாளி மாதிரி நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். தென்றல் வந்து அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள்.

பட்டறைக்கு நடந்தே போனேன். எனக்கு இரண்டு ரேணு இருந்தார்கள். ஒருத்தி என் பொண்டாட்டி, சின்ன வண்டி கேட்கிறாள், வாரத்தில் சில மணி நேரம் வருகிறாள். இன்னொருத்தி என்னைக் கண்டு கல்லை எடுக்கிறவள், மிச்ச நேரமெல்லாம் இருக்கிறாள், போகப் போக அவள் மட்டும்தான் இருப்பாள். ஒருத்தி சொல்வதைக் கேட்டால் இன்னொருத்தி நடுரோட்டில் நடுங்கி நிற்பாள். யாருக்கு வண்டி வாங்குவது? ஆயுசு பூராவும் என் பொண்டாட்டியிடம் எது வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை. முதல் தடவையாகக் கேட்டேன், சொன்னாள், அதையும் கொடுக்க எனக்கு வழியில்லை. கலெக்டர் ஆபீஸ் மதில் ஓரமாக நின்று, போகிற வருகிறவர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

பாயிடம் போய், "பெருசு" என்றேன். அவர் டிரைவர் பலகைக்கு நல்ல மெத்தையாகப் போட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

மாசி பிறந்து ஒரு வியாழக்கிழமை காலை திருச்செந்தூருக்குக் கிளம்பினோம். நான் காக்கிச் சட்டையில். பொத்தானைத் தென்றல் தள்ளித் தைத்துக் கொடுத்திருந்தாள். ரேணு என் பின்னால் ஜன்னலோரம். சந்தோஷமாக இருந்தாள். ஊர்ப் பேர்களைப் படித்துக்கொண்டே வந்தாள். திருக்கோவிலூரில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். தென்றல் டீ வாங்க இறங்கினாள்.

நான் என் சீட்டை விட்டு எழுந்து உள்ளே போனேன். ஐந்து நிமிஷம், யாரும் இல்லாமல், அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று ஆசை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் பக்கத்து சீட்டில் அவளுடைய கைப்பை இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ரேணு திரும்பினாள். பயப்படவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அண்ணே, இங்க ஆளு வராங்க. எடம் போட்டு வச்சிருக்கேன்."

"யாரும்மா வராங்க?"

"எங்க வூட்டுக்காரரு. பக்கத்துல உக்காந்துனு போலாம்னு காலைல சொன்னாரு." ஜன்னல் வழியாகக் கடைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். "இங்கதான் எங்கனா எறங்கியிருப்பாரு. அவரு வராம வண்டிய எடுத்துடாதீங்கண்ணே."

எழுந்தேன். கைப்பையைத் திரும்ப அந்த சீட்டிலேயே வைத்தேன். முன்னால் வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். தென்றல் மூன்று டீயோடு ஏறினாள். குடித்து முடித்து, தம்ளர்களைக் கடையில் கொடுத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள்.

"கெளம்பலாமாண்ணா?"

"இரு தென்றலு" என்றேன். "ஒரு ஆளு வரணும்."